தோட்ட அலுவலகத்து அஞ்சலறை: எண்ணிமப் பதிவும் கையளிப்புப் பொறுப்பும்

1. வரையறை

நிறுவனமொன்றின் வாயிலுக்கு வரும் கடிதங்களையும் பொதிகளையும் ஏற்று, வகைபிரித்து, உரியவர் கையில் சேர்ப்பிக்கும் ஏற்பாட்டை இக்கட்டுரையில் 'அஞ்சலறை' என்கிறோம். அதற்கெனத் தனியறை இருப்பது கட்டாயமன்று. இலங்கையின் மலையகத் தோட்டங்கள் பலவற்றில் பெரிய கிளாக்கரின் மேசையருகே உள்ள பெட்டியும், அதில் வந்து சேரும் தபால் பையும், அப்பையைச் சுமந்துவரும் தப்பால்காரரும் சேர்ந்ததே அஞ்சலறை. ஒரு பொருளின் பொறுப்பு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறும் கணம் 'கையளிப்பு'. அக்கணங்களை வரிசையாகக் காட்டும் பதிவுத் தொடர் 'கையளிப்புத் தடம்'. இத்தடம் எங்கும் அறுபடாமல் காப்பதையே அஞ்சலறையை எண்ணிமமாக்கல் என்று நாம் கொள்கிறோம். கணினியும் வருடியும் அதற்குரிய கருவிகள்.

2. கடிதம் வரும் வழி

1874இல் நாவலப்பிட்டிக்கு வந்த மலையக ரயில் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. தேயிலைப் பெட்டிகள் கீழிறங்கிய வழியிலேயே தபால் பைகள் மேலேறின. இரவு அஞ்சல் ரயில் ஓடத் தொடங்கியபின் கொழும்பில் மாலையில் ஏற்றிய பை மறுநாள் விடியலில் மலைக்கு வந்தது. எனவே தோட்டத்துக் கடிதத்தின் தாமதத்துக்குக் காரணத்தை இந்த நெடும்பாதையில் தேடிப் பயனில்லை. தபாலகத்துக்கும் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்கும் இடைப்பட்ட சில மைல்களில்தான் தேட வேண்டும்.

அந்தச் சில மைல்களில் கடிதம் பல கைகள் மாறுகிறது. தப்பால்காரர் தபாலகத்தில் பையைப் பெறுகிறார். பை அலுவலகத்தில் பிரிக்கப்படுகிறது. மேல்கணக்கு, கீழ்க்கணக்கு எனத் தோட்டப் பிரிவான டிவிசன் வாரியாகக் கட்டுகள் பிரிகின்றன. பிறகு காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்திலோ, கொழுந்து நிறுக்கும் இடத்திலோ, பக்கத்து லயத்துப் பிள்ளையின் வழியாகவோ கடிதம் வீட்டை அடைகிறது. பதிவுத்தபாலுக்கு அலுவலகத்தில் ஒரு கையொப்பம் இருக்கும். அதற்கப்பால் நிகழும் கையளிப்புகளுக்குப் பெரும்பாலும் எழுத்துச் சான்றே இல்லை. அஞ்சல் திணைக்களத்தின் கணக்கில் 'ஒப்படைக்கப்பட்டது' என முடிந்துபோன பொருள், உரியவரின் கணக்கில் இன்னும் வரவேயில்லை. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள வெளியைப் 'பொறுப்பிடைவெளி' என்போம்.

நேர்முகத் தேர்வு முடிந்தபின் கைக்கு வந்த அழைப்புக் கடிதம், அடகு நகை ஏலம் போனபின் வந்த வங்கி அறிவித்தல், தவணை கடந்தபின் வந்த நீதிமன்ற அழைப்பாணை ஆகியவை மலையகத்தில் நெடுங்காலமாகக் கேட்டுவரும் முறைப்பாடுகள். இவற்றுக்காக ஊழியர் எவரையும் குறைகூற நாம் முற்படவில்லை. பொறுப்பு எங்கே, எப்போது கைமாறியது என்பதற்குச் சான்று வைக்காத ஏற்பாட்டில், நேர்மையாகக் கடமை செய்தவராலும் தம் நேர்மையை நிறுவ முடியாது.

3. அஞ்சலின் வகைகள்

வங்கிகளுக்கும் பெருநிறுவனங்களுக்கும் விற்கப்படும் எண்ணிம அஞ்சலறை முறைகள் ஓர் அடிப்படை எடுகோளில் நிற்கின்றன: வாயிலுக்கு வரும் அஞ்சல் நிறுவனத்தின் உடைமை. ஆகவே உறையைத் திறந்து, தாளை வருடி, எழுத்துணரி மென்பொருளால் படித்து, உரிய பிரிவுக்கு மின்னஞ்சலாக அனுப்புகிறார்கள். தோட்டத்தில் இந்த எடுகோள் செல்லாது. இங்கே வரும் அஞ்சலை மூன்றாகப் பகுக்க வேண்டும்.

முதலாவது நிறுவன அஞ்சல். கம்பனித் தலைமையகம், தேயிலைச் சபை, தரகர், உரம் வழங்குவோர் ஆகியோரிடமிருந்து வருபவை இதில் அடங்கும். இவற்றை வந்த அன்றே வருடிக் கோப்பில் சேர்ப்பதில் தடையேதுமில்லை. மின்னணுப் பதிவுகளுக்கும் கையொப்பங்களுக்கும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் அங்கீகாரம் தருகிறது.

இரண்டாவது குடியிருப்போர் அஞ்சல். இதைத் திறக்கலாகாது என்பது வெளிப்படை. உறையின் படத்தையும் எடுக்கலாகாது என்பது நம் நிலைப்பாடு. தோட்டத்தில் வேலை தருபவரும், வீட்டின் உரிமையாளரும், கடிதம் பெற்றுத் தருபவரும் ஒரே நிர்வாகம். உறையின் முகப்பே பல செய்திகளைச் சொல்லிவிடும்: இன்னாருக்கு வெளிநாட்டு வேலை முகவரிடமிருந்து கடிதம் வருகிறது, இன்னார் தொழில் நியாயசபைக்குப் போயிருக்கிறார், இன்னாருக்கு வைத்தியசாலை எழுதியிருக்கிறது. நகரத்து அலுவலகத்தில் உறைப்படம் வசதி. லயத்தில் அது கண்காணிப்பாகிவிடும். ஆகவே இவ்வகைக்கு இலக்கம், வந்த நாள், சேரவேண்டிய வீடு ஆகிய மூன்றையும் மட்டுமே பதிய வேண்டும். அனுப்புநர் யாரெனப் பதிவில் எழுதக்கூடாது.

மூன்றாவது இணை அஞ்சல்: தோட்டத்தின் பெயருக்கு வந்து, தொழிலாளர் ஒருவரின் உரிமையைப் பற்றிப் பேசுவது. ஊழியர் சேமலாப நிதி பற்றிய கடிதம் நல்ல எடுத்துக்காட்டு. முகவரிப்படி அது நிறுவனத்துக்குரியது, பயன்படி தொழிலாளருக்குரியது. இதை நிறுவனக் கோப்பில் வைப்பதோடு, இப்படியொன்று வந்திருக்கிறது என்று உரியவருக்கு அறிவித்து, அந்த அறிவித்தலையும் தடத்தில் சேர்க்க வேண்டும். நடைமுறையில் எளிதாக விடுபடுவது இவ்வகையே.

4. முகவரி

வீட்டுக்கு முகவரி இல்லாத இடத்தில் தடமறிதல் முறை நிலைக்காது. தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும் தபால் நகரும் மட்டுமே உள்ள முகவரி, நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பொதுவானது. ஆளை அடையாளம் காணப் பெயர் மட்டுமே எஞ்சுகிறது. பெயரோ உறுதியற்றது. ஒரே டிவிசனில் ஒரே முன்னெழுத்தோடு இரண்டு இராமாயிகள் இருப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் மூன்றாம் விதமாகவும் ஒரே பெயர் எழுதப்பட்டிருக்கும்.

செக்ரோல் இலக்கத்தையே அடையாளமாகக் கொள்ளலாமே என்று சிலர் கருதுவர். அது பிழையான வழி. செக்ரோல் அன்றன்று பேர் போடுவதற்கான ஏடு. அதில் இருப்போர் வேலை செய்வோர் மட்டுமே. உயர்தரம் எழுதிய மகள், கொழும்பில் கடையில் நிற்கும் மகன், ஓய்வு பெற்ற தாத்தா ஆகியோர் அதில் இல்லை. முக்கியமான கடிதம் எதிர்பார்த்திருப்போரில் பலர் இவர்களே. தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அஞ்சல் பிரிப்பதற்குத் தேவையானதைவிட மிகுதியான தகவல் அதில் அடங்கியிருக்கிறது.

செய்மதி வழி ஆள்கூறு தீர்வாகுமா? இந்திய அஞ்சல் துறை 2025இல் 'டிஜிபின்' என்னும் பத்து எழுத்துக் குறியீட்டை வெளியிட்டது. அது நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீற்றருக்கு 4 மீற்றர் கட்டங்களாகப் பகுக்கிறது. பழைய லயக் காம்பரா (அறை) ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி, அதாவது 3 மீற்றருக்குச் சற்றே மேற்பட்ட அகலம். கட்டமும் காம்பராவும் அளவில் நெருங்கி வந்தாலும் கட்டத்தின் கோடு காம்பராவின் சுவரில் விழாது. முதுகோடு முதுகாக இரு வரிசை வீடுகள் ஒட்டிய லயத்தில் ஒரு கட்டத்துக்குள் இரண்டு குடும்பங்களும் வரக்கூடும். கைபேசியின் இடங்காட்டி சில மீற்றர் பிசகினாலே பக்கத்து வீடாகிவிடும். ஆள்கூறு லயத்தைக் காட்டப் போதும். வீட்டைக் காட்டக் கதவில் எழுதிய இலக்கம் வேண்டும்.

எனவே நாம் முன்வைக்கும் முகவரி ஐந்து உறுப்புகளைக் கொண்டது: தோட்டம், டிவிசன், லய இலக்கம், வீட்டு இலக்கம், தபால் நகரும் அதன் ஐந்திலக்கக் குறியீடும். தனி வீட்டுத் திட்டங்கள் உள்ள இடங்களில் லய இலக்கத்துக்குப் பதில் வீதிப் பெயர் வரும். இலக்கத்தை மூன்று மொழியிலும் படிக்கத்தக்க எண்ணுருவில் கதவின் மேல் எழுதுவது, எந்த மென்பொருளுக்கும் முன்பே முடிய வேண்டிய பணி.

5. பதிவு நிகழ்வுகள்

பன்னாட்டு அஞ்சல் ஒன்றியம் பதிவு அஞ்சல்களுக்கும் பொதிகளுக்கும் வகுத்த எஸ்10 இலக்கம் பதின்மூன்று குறிகள் கொண்டது: சேவையைச் சுட்டும் இரு எழுத்து, எட்டு வரிசை எண், ஒரு சரிபார்ப்பு எண், நாட்டைச் சுட்டும் இரு எழுத்து. இலங்கைக்கு எல்கே. சரிபார்ப்பு எண் எதற்கென்பதை விளக்க வேண்டும். எட்டு எண்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 என்பவற்றால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழித்தால் அது கிடைக்கும். விடை 10 ஆனால் 0 எனவும், 11 ஆனால் 5 எனவும் கொள்வர். 47312482 என்னும் வரிசைக்குக் கூட்டுத்தொகை 200, மீதி 2, சரிபார்ப்பு எண் 9. வருடி பழுதான நாளில் கிளாக்கர் கையால் தட்டெழுதும்போது ஓர் எண் தவறினாலோ இரண்டு அடுத்தடுத்த எண்கள் இடம் மாறினாலோ மென்பொருள் பெரும்பாலும் அப்போதே கண்டுபிடித்துவிடும். ஆகவே பதிவுத்தபாலுக்குத் தோட்டம் புதிய இலக்கம் இடத் தேவையில்லை. திணைக்களத்தின் தடம் முடியும் அதே இலக்கத்தில் தோட்டத்தின் தடம் தொடங்கினால் போதும்.

தடத்தில் ஐந்து நிகழ்வுகள் இடம்பெறும்: ஏற்பு, பிரிப்பு, அனுப்பு, ஒப்படைப்பு, திருப்பம். ஒவ்வொன்றுக்கும் நேரமும் பொறுப்பாளரும் பதியப்பட வேண்டும். ஒப்படைப்புக்குக் கையொப்பம் வேண்டும். எழுத இயலாதோருக்குக் கைபேசிக்கு வந்த இரகசிய எண் போதும். திருப்பத்துக்குக் காரணமும் எழுதப்பட வேண்டும்.

சாதாரணக் கடிதங்களுக்கு இவ்வளவு நுணுக்கம் தாங்காது. அவற்றுக்குக் 'கட்டுப் பதிவு' போதும்: இன்ன நாள், இன்ன லயத்துக்கு, இத்தனை கடிதம், கொண்டுபோனவர் இன்னார்.

பள்ளத்தாக்கு டிவிசன்களில் கைபேசி அலை எட்டாத இடங்கள் உண்டு. பதிவு கருவியிலேயே சேமிக்கப்பட்டு, அலுவலகத்துக்கு மீண்டபின் மையப் பதிவோடு இணைய வேண்டும்.

6. அறிவித்தல்

பதிவுப் பொருள் வந்ததை உரியவருக்குக் குறுஞ்செய்தியால் அன்றே அறிவிக்கலாம். அச்செய்தி தமிழில் செல்ல வேண்டும். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 குறிகள் அடங்கும். தமிழில் 70தான். புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 'க்' இரண்டு குறியாகிறது. எனவே பொருளின் வகை, நாள், பெறும் இடம் ஆகியவற்றைச் சுருங்கச் சொல்லும் வாசகத்தை முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும். கைபேசி ஒரு குடும்பத்துக்கு ஒன்றாக இருப்பதும் உண்டு என்பதால், செய்தியில் அனுப்புநர் பெயர் இடம்பெறலாகாது.

7. பதிவின் உடைமை

இத்தனையும் நிறைவேறினாலும் ஒரு வினா எஞ்சுகிறது: வீடுகளின் பதிவேடு யாருக்குச் சொந்தம்? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ், தோட்டக் குடியிருப்புகள் நெடுங்காலம் பிரதேச சபைகளின் சேவைக்கு வெளியே நின்றன. அத்தடை 2018இல் திருத்தச் சட்டத்தால் நீங்கியது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. முகவரி தருவது உள்ளூராட்சியின் கடமையாக இருக்கத்தக்க நிலை இப்போது உண்டு. ஆகவே தோட்ட அலுவலகம் தொகுக்கும் வீட்டுப் பதிவேட்டின் ஒரு படியை, ஆட்பெயர்கள் நீக்கி, பிரதேச சபைக்கும் உரிய தபாலகத்துக்கும் வழங்க வேண்டும். பெயரும் கைபேசி இலக்கமும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கில் காக்கப்பட வேண்டியவை. ஒப்படைத்த பொருளின் பதிவைக் குறித்த காலத்துக்குப்பின் அழிக்கவும் ஒழுங்கு வேண்டும்.

கதவிலக்கம் நிலைபெற்ற லயங்களிலிருந்து தொடங்கி, திணைக்களத்தின் தபால்காரரே வீட்டுக்குக் கடிதம் கொடுக்கும் முறையை டிவிசன் டிவிசனாக விரிக்கலாம். ஒரு டிவிசன் அம்முறைக்கு மாறியதும் அதன் குடியிருப்போர் அஞ்சல் தோட்டப் பையில் வருவது நின்றுவிடும். நிறுவன அஞ்சலும் இணை அஞ்சலும் மட்டும் அலுவலகத்தில் எஞ்சும். மாற்றம் நிறைவுறும்வரை இரு தடங்களும் ஒரே வீட்டு இலக்கத்தைப் பயன்படுத்த வேண்டும்.