பாய்ஸ் கம்பெனிகள்: காவிரிப் படுகையில் நாடக நிர்வாகமும் நடிகர் சோர்வும்

பாய்ஸ் கம்பெனி என்பது சிறுவர்களை நடிகர்களாகக் கொண்டு தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட தொழில்முறை நாடகக் குழு ஆகும். பாலர் நாடக சபை, பால சபா என்றும் இவை அழைக்கப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இவை செழித்திருந்தன. மதுரையின் பெயரைத் தாங்கிய சபைகளே மிகுதி என்றாலும், கும்பகோணம், தஞ்சாவூர், மாயவரம், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய காவிரிப் படுகை ஊர்கள் இக்கம்பெனிகளுக்கு முக்கியமான முகாம்களாக இருந்தன.

இக்கம்பெனிகள் தமிழ் நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் தந்த நடிகர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அந்நடிகர்களின் உழைப்பை அவை எவ்வாறு நிர்வகித்தன என்பது குறைவாகவே பேசப்படுகிறது. இன்று வீடியோ கேம் தயாரிப்பு நிறுவனங்களில் ஓவியர்களும் கலைஞர்களும் ஓய்வின்றி உழைத்துச் சோர்ந்து வெளியேறுவது உலகெங்கும் விவாதிக்கப்படுகிறது. அதற்கு ஒப்பான சிக்கல் தஞ்சைத் தரணியில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.

பெரியவர்களிடமிருந்து சிறுவர்களுக்கு

தொழில்முறைத் தமிழ் நாடகத்தின் தொடக்க காலக் குழுக்களில் ஒன்று தஞ்சாவூரைச் சேர்ந்தது. தஞ்சை கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடகக் கம்பெனி சென்னையில் நடித்த நாடகத்தைப் பார்த்த பின்னரே பம்மல் சம்பந்த முதலியார் 1891ல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டு நடத்திய கம்பெனியும் பெரும் புகழ் பெற்றது. அவருடைய நாடகங்களைக் காண வருவோருக்காக அக்காலத்தில் தனி ரயில்கள் விடப்பட்டதாகக் கூறுவர்.

இக்குழுக்களில் நடித்தவர்கள் வயது வந்தவர்கள். அவர்கள் விரும்பியபோது குழுவை விட்டு விலகினர். எழுதிக் கொடுத்த வசனத்தை மாற்றிப் பேசினர். ஆசிரியர்களும் முதலாளிகளும் இதை ஒழுக்கக் குறைவு என்று கருதினர். சொன்னதைச் சொன்னபடி நடிக்கச் சிறுவர்களே ஏற்றவர்கள் என்ற எண்ணம் வலுப்பட்டது. நாடகத் தமிழின் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். ஜெகந்நாத ஐயரின் கம்பெனி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபா ஆகியவையும் புகழ் பெற்றன.

பாய்ஸ் கம்பெனி என்ற முறை கலை நோக்கத்தால் மட்டும் தோன்றவில்லை. எதிர்த்துப் பேசாத நடிகர்கள் வேண்டும் என்ற நிர்வாகத் தேவையும் அதற்குக் காரணமாக இருந்தது.

நெல் அறுவடையும் வசூலும்

காவிரிப் படுகையில் நாடக வசூல் நெல்லைச் சார்ந்திருந்தது. சம்பா அறுவடை தை, மாசி மாதங்களில் முடியும். மிராசுதார் முதல் கூலி பெற்ற உழவர் வரை எல்லோர் கையிலும் நெல்லோ பணமோ இருக்கும் காலம் அதுவே. கோயில் திருவிழாக்களும் தொடர்ந்து வரும். சென்னையிலிருந்து மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குச் சென்ற ரயில் பாதை, காட்சித் திரைகளையும் உடைப் பெட்டிகளையும் ஊர் ஊராகக் கொண்டு செல்ல உதவியது. கம்பெனி ஓர் ஊரில் கீற்றுக் கொட்டகை போட்டு, வசூல் குறையும் வரை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தங்கும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் நிலை மாறும். கொட்டகை ஒழுகும், பாதைகள் சேறாகும், வசூல் விழும். ஆனால் கம்பெனி வீட்டில் உலை எரிந்தாக வேண்டும். பல கம்பெனிகளில் அறுவடைக் கால லாபத்தை மழைக்காலத்துக்கு ஒதுக்கி வைக்கும் வழக்கம் இல்லை. லாபம் பங்குதாரர்களிடம் பிரிந்து போகும் அல்லது புதிய திரைகளிலும் தந்திரக் காட்சிகளிலும் செலவாகும். நட்டம் வரும்போது நடிகர்களின் சம்பளமே முதலில் நிற்கும். நல்ல மாதங்களில் இழந்ததை எடுக்க நாடக இரவுகளின் எண்ணிக்கை கூட்டப்படும். நிர்வாகத்தின் திட்டமின்மை இவ்வாறு சிறுவர்களின் உடலின் மேல் விழுந்தது.

சேர்க்கை

கம்பெனியில் சேர்ந்த சிறுவர்களில் பெரும்பாலோர் வறுமையினால் வந்தவர்கள். எம்.ஜி. ராமச்சந்திரன் தந்தையை இழந்தபின் தாயுடனும் தமையன் சக்ரபாணியுடனும் கும்பகோணத்தில் வாழ்ந்தார். அங்குள்ள ஆனையடிப் பள்ளியில் தொடக்க வகுப்புகளில் படித்துக்கொண்டிருந்தவர், குடும்பத்தின் வறுமை காரணமாகத் தமையனுடன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். தஞ்சாவூர்ப் பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட சிவாஜி கணேசன், திருச்சியில் முகாமிட்டிருந்த யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் கம்பெனியில் சுமார் ஏழு வயதில் சேர்ந்தார். தாம் ஓர் அநாதை என்று பொய் சொல்லிச் சேர்ந்ததாக அவரே தம் சுயசரிதையில் குறிப்பிட்டுள்ளார்.

சிறுமியரும் இவ்வாறு நாடகத் தொழிலுக்கு வந்தனர். 1911ல் திருவையாற்றில் பிறந்த டி.பி. ராஜலட்சுமி, தந்தை இறந்தபின் குடும்பத்தைக் காக்கச் சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். இவரே 1931ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸின் கதாநாயகி.

பெற்றோர் முன்பணம் பெற்றுக்கொண்டு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிள்ளையைக் கம்பெனியில் விடுவது உண்டு. உணவும் உடையும் இருப்பிடமும் கம்பெனியின் பொறுப்பு. சம்பளம் சிறிது. அதுவும் பெரும்பாலும் சிறுவன் கைக்கு வராமல் வீட்டுக்குப் போய்விடும். பள்ளிப் படிப்பு அத்துடன் நின்றுவிடும்.

கம்பெனி வீட்டில் ஒரு நாள்

சிறுவர்கள் அனைவரும் கம்பெனி வீடு எனப்படும் வாடகை வீட்டில் ஒன்றாகத் தங்கினர். காலையில் ஆர்மோனியத்துடன் குரல் பயிற்சி நடக்கும். பிறகு வாத்தியார் பாடம் சொல்லித் தருவார். பாட்டும் வசனமும் மனப்பாடமாக ஒப்புவிக்கப்பட வேண்டும். தவறினால் அடி விழும். பிற்பகலில் சிறிது உறக்கம், மாலையில் ஒத்திகை அல்லது ஒப்பனை. நாடகம் இரவு 9:30 அல்லது 10 மணிக்குத் தொடங்கிப் பின்னிரவு வரை, சில வேளைகளில் விடியும் வரையிலும் நடக்கும். ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கும்படி உச்சக் குரலில் பாட வேண்டும். இரசிகர்கள் மீண்டும் கேட்டால் அதே பாட்டை மறுபடியும் பாட வேண்டும்.

இக்கடுமையால் பலன் இல்லாமல் போகவில்லை. தெளிவான உச்சரிப்பு, நினைவாற்றல், சங்கீத ஞானம், மேடைக் கூச்சமின்மை ஆகியவற்றை அச்சிறுவர்கள் பெற்றனர். பிற்காலத்தில் பலர் தங்கள் வாத்தியார்களை நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளனர். ஆனால் நினைவுக் குறிப்பு எழுதியவர்கள் புகழ் பெற்றவர்களே. இடையில் விலகிப்போன சிறுவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை.

ஓய்வின்மை ஆசிரியர்களையும் விடவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் பெருமையாகச் சொல்லப்படும் செய்தி. அவர் வாழ்வின் இறுதியில் பக்கவாதத்தால் பேச்சிழந்து, 1922ல் புதுச்சேரியில் காலமானார்.

மகரக்கட்டு

ஆண் பிள்ளைகளுக்குப் பருவ வயதில் குரல் உடைவதை நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்றனர். பாட்டே நாடகமாக இருந்த காலத்தில் இதுவே ஒரு நடிகனின் பெரும் நெருக்கடி. நேற்று வரை ராஜபார்ட்டாகவோ ஸ்திரீபார்ட்டாகவோ கைதட்டல் பெற்ற சிறுவன், குரல் போனதும் சிறு வேடத்துக்கோ திரை இழுக்கும் வேலைக்கோ இறக்கப்படுவான், அல்லது வெளியேறுவான். குரல் உடையும் காலத்தில் ஓய்வு தந்தால் அது பெரும்பாலும் சீராகிவிடும். ஆனால் நடிகன் மேடை ஏறாத நாளுக்குச் சோறு போட முதலாளிகள் பலர் விரும்பவில்லை.

புதுக்கோட்டையில் 1916ல் பிறந்த பி.யு. சின்னப்பா ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் முன்னணி நடிகராக விளங்கினார். குரல் உடைந்தபின் கம்பெனியை விட்டு விலகி, சிலம்பம், பளு தூக்குதல் ஆகியவற்றில் ஈடுபட்டார். பின்னர் திரைப்படத்தில் பெரும் நடிகரானார். அவர் மீண்டு வந்தவர். மீளாதவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை.

ஸ்பெஷல் நாடகமும் கிட்டப்பாவும்

கம்பெனியின் சம்பளத்தில் நிறைவடையாத புகழ்பெற்ற நடிகர்கள் ஸ்பெஷல் நாடகங்களுக்குச் சென்றனர். இம்முறையில் காண்ட்ராக்டர் ஒருவர் வெவ்வேறு நடிகர்களை ஓர் இரவுக்கு மட்டும் பேசி வரவழைப்பார். வருவாய் பல மடங்கு கூடியது. ஆனால் ஓர் ஊரில் இரவு முழுதும் பாடிவிட்டு, மறுநாள் ரயிலேறி அடுத்த ஊரில் பாட வேண்டியிருந்தது. கம்பெனியில் முதலாளி செய்த வேலைப்பளுவை இங்கு நடிகரே தமக்குச் செய்துகொண்டார்.

செங்கோட்டையில் 1906ல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா சிறு வயதிலேயே மேடையேறியவர். கே.பி. சுந்தராம்பாளுடன் அவர் நடித்த ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஈடில்லாத வரவேற்பு இருந்தது. 1933ல் திருவாரூரில் நடித்துக்கொண்டிருக்கும்போதே மேடையில் மயங்கி விழுந்தார். அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று 27ஆம் வயதில் காலமானார். குடிப்பழக்கமும் அவர் உடலைக் கெடுத்திருந்தது. எனினும், இரவு பகல் பாராத நாடக வாழ்வைத் தவிர்த்துவிட்டு அவருடைய முடிவைப் புரிந்துகொள்ள இயலாது.

மாற்று வழி

சங்கரதாஸ் சுவாமிகளின் சபையில் சிறுவர்களாகச் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் 1925ல் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். இங்கு முதலாளிகளே நடிகர்களாகவும் இருந்தனர். பசியும் குரல் உடைவும் அவர்கள் அறியாதவை அல்ல. கும்பகோணம் பகுதியைச் சேர்ந்த கே.ஆர். ராமசாமியும், பின்னர் எஸ்.எஸ். ராஜேந்திரனும் இங்குச் சிறுவர்களாகச் சேர்ந்து, குரல் மாறி இளைஞர்களான பின்னும் நடித்தனர். வளர்ந்த நடிகர்களுக்கேற்பச் சமூக, வரலாற்று நாடகங்களைச் சபை மேடையேற்றியது. டி.கே. சண்முகம் நடித்த ஔவையார் அவற்றுள் ஒன்று. சபை கடனும் நெருக்கடியும் பல கண்டது. ஆனாலும் கால் நூற்றாண்டுக்கும் மேல் நீடித்தது. வளரும் நடிகனைத் தக்கவைத்துக்கொள்ள இயலும் என்பதற்கு இச்சபை சான்று.

சட்டத்தின் நிலை

1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் மேடையில் என்ன பேசப்படுகிறது என்பதைக் கட்டுப்படுத்தியது. மேடையில் நிற்கும் சிறுவன் எத்தனை மணி நேரம் நிற்கிறான் என்பதை அது கேட்கவில்லை. ஆலைச் சிறுவர்களுக்குத் தொழிற்சாலைச் சட்டங்கள் வேலை நேர வரம்பு விதித்தன. நாடகக் கொட்டகை ஆலை அன்று என்பதால் அந்த வரம்பு அங்குச் செல்லவில்லை. பெற்றோர் முன்பணம் பெற்றுப் பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1933ல் வந்தது.

குழந்தை நடிகர்களுக்கான தெளிவான விதிகள் 2017ல்தான் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேலும் குழந்தையை நடிக்க வைக்கக்கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வங்கியில் இட வேண்டும். கல்வி தடைபடக்கூடாது.

சரிவு

பேசும் படம் வந்ததும் பாய்ஸ் கம்பெனிகள் தளர்ந்தன. சினிமாவே அவற்றை அழித்தது என்பது பொதுவான கருத்து. அது பாதி உண்மை. டெல்டா ஊர்களில் நாடகம் பார்க்கும் ஆர்வம் 1940களிலும் குறையவில்லை. குறைந்தது கம்பெனியில் தங்கும் நடிகர்களின் எண்ணிக்கையே. பல ஆண்டு பாடுபட்டுப் பயிற்றுவித்த நடிகர்கள், வேறு வழி திறந்தவுடன் வெளியேறினர். அவர்களைத் தடுத்து நிறுத்தும் சம்பளமோ ஓய்வோ மரியாதையோ பல கம்பெனிகளில் இல்லை.

இன்றைய ஒப்புமை

வீடியோ கேம் நிறுவனங்களில் வெளியீட்டுத் தேதிக்கு முன் வாரக்கணக்கில் இரவு பகலாக உழைப்பதைக் ‘கிரஞ்ச்’ என்பர். 2004ல் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவன ஊழியர் ஒருவரை மணக்கவிருந்த பெண், அவருடைய வேலை நேரத்தைக் குறித்து வெளியிட்ட கடிதம் இச்சிக்கலைப் பொதுவெளிக்குக் கொண்டு வந்தது. கூடுதல் நேர ஊதியம் கேட்டு அந்நிறுவனத்தின் ஓவியக் கலைஞர்கள் தொடுத்த வழக்கு, 2005ல் 1.56 கோடி டாலர் இழப்பீட்டுடன் சமரசத்தில் முடிந்தது.

இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. கேம் கலைஞர் வயது வந்தவர், படித்தவர், வழக்குத் தொடுக்க இயன்றவர். கம்பெனிச் சிறுவனுக்கு அது எதுவும் இல்லை. ஆனால் காரணங்கள் ஒத்திருக்கின்றன. தேதி முதலில் முடிவாகிறது, வேலையின் அளவு பின்னர் கூடுகிறது, இடைவெளியைக் கலைஞரின் உறக்கம் நிரப்புகிறது. கலையின் மேல் உள்ள ஆசையே சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிடப்படுகிறது. திட்டம் முடிந்ததும் ஆட்குறைப்பு நடக்கிறது.

பாய்ஸ் கம்பெனிகளின் கணக்கேடுகளில் திரைக்கும் விளக்குக்கும் உடைக்கும் செலவு எழுதப்பட்டது. நடிகனின் குரலுக்கும் உறக்கத்துக்கும் தனி வரி இல்லை. அவற்றை இலவசமாகக் கிடைப்பவையாக எண்ணி நடந்த கம்பெனிகள், தாம் வளர்த்த கலைஞர்களையே இழந்தன.