முந்நூறு ரூபாய்க் கிதார்

குறிஞ்சிப்பாடி ஒரு சங்கீத ஸ்தலம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கைத்தறிக் கைலிக்குப் பெயர் போன ஊர் அது. தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி தரிசனம் செய்யக் கடலூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போகவேண்டும். நானும் பல தடவை தாண்டிப் போனவன்தான். சென்ற தை மாதம் முதல் முறையாக அங்கே இறங்கினேன். இறங்க வைத்தது ஒரு கிதார்.

என் நண்பர் ஒருவர் அந்த ஊர்க்காரர். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். ஆகவே நண்பர் என்றே வைத்துக்கொள்வோம். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்து, பிறகு நெய்வேலியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் டெலிபோனில் கூப்பிட்டு, "அண்ணே, வீட்டிலே ஒரு பஞ்சாயத்து. நீங்க வந்துதான் தீர்த்து வைக்கணும்" என்றார்.

வழக்கு இதுதான். 1974-ல் அவர் சென்னை மூர் மார்க்கெட்டில் 300 ரூபாய் கொடுத்து ஒரு பழைய எலெக்ட்ரிக் கிதார் வாங்கினார். ஜப்பான் சாமான், பெயர்ப் பலகை எப்போதோ விழுந்துவிட்டது. பழைய வாத்தியங்களை வாங்கி விற்கிற ஒருவர் இப்போது அதற்கு 30,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாம் என்கிறான் மகன். இப்படி ஒரு வாத்தியம் இனி உலகத்தில் பிறக்காது என்கிறார் நண்பர். நண்பரின் தம்பியோ, "அது ஓர் உதவாக்கரை, அடுப்பிலே வைக்க வேண்டியது" என்கிறார். மூன்று பேரில் யார் சொல்வது சரி?

நாவல் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற நல்ல மனிதர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று, புறப்படுவதற்கு முன் ஒரு வாரம் கிதார் சரித்திரம் படித்தேன். படித்த வரையில் அது எனக்கு ஒரு நாவலைவிடச் சுவையாக இருந்தது.

எலெக்ட்ரிக் கிதாரின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? மரத்தில் இல்லை. தந்திக்கு அடியில் ஒரு காந்தம். அந்தக் காந்தத்தைச் சுற்றித் தலைமயிரைவிட மெல்லிய செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்று. எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் கலைகிறது; கலைந்த புலம் செப்புச் சுருளில் ஒரு துளி மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. அந்தத் துளியைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் கிதார் பேசுகிறது. இந்த வித்தையை 1831-ல் கண்டு சொன்னவர் மைக்கேல் ஃபாரடே. சரியாக நூறு வருஷம் கழித்து, 1931-ல், அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் அதை ஒரு கிதாரில் பொருத்தினார். அடுத்த வருஷம் ரிக்கன்பேக்கர் கம்பெனியார் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அலுமினியத்தில் வார்த்த வட்டமான உடல், நீண்ட கழுத்து. பார்ப்பதற்கு வாணலி மாதிரி இருந்ததால் 'வாணலி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

இதில் குறிஞ்சிப்பாடிக்காரர்கள் பெருமைப்படவும் இடமுண்டு. பக்கத்திலே நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அது நிலக்கரி என்று பிறகு தெரிந்தது. 1957 மே 20-ந் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. 1962-ல் ரஷ்ய உதவியோடு அனல் மின் நிலையம் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. அங்கே ராட்சத இயந்திரத்துக்குள் நடந்ததும் காந்தமும் செப்புச் சுருளும் ஆடுகிற அதே நாடகந்தான். அங்கே நீராவி சுழற்றியது. கிதாரில் விரல் மீட்டுகிறது. ஒன்று ஊருக்கு விளக்கேற்றும். மற்றொன்றுக்கு ஒரு குண்டூசி முனை வெளிச்சம் தரவும் சக்தி கிடையாது. ஆனால் 600 மெகாவாட் வரை வளர்ந்த அந்த முதல் மின் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. நண்பரின் கிதார் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

உயிர் மரத்தில் இல்லை என்றால், நல்ல மரத்துக்கு எதற்காகப் பணம் செலவழிப்பது? இப்படிக் கேட்டவர் நியூ ஜெர்ஸியில் நேதன் டேனியல். 1947-ல் டேனெலக்ட்ரோ என்ற கம்பெனியைத் தொடங்கியவர். மரச் சட்டத்தின் மேலும் கீழும் மர நாரை அழுத்திச் செய்த அட்டைப் பலகையை ஒட்டினார். காந்தத்தையும் சுருளையும் எதற்குள் வைத்தார் என்கிறீர்கள்? பெண்கள் உதட்டுச் சாயம் வைத்துக்கொள்கிற உலோகக் குழாய்க்குள்! ஸியர்ஸ் என்ற பெரிய கடைக்காரர்கள் அவருடைய கிதார்களைத் தங்கள் சில்வர்டோன் முத்திரையில் விற்றார்கள். 1962-ல் வந்த ஒன்றுக்கு விலை சுமார் 68 டாலர். அதன் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயரும் ஒலிபெருக்கியும் அடக்கம். பெட்டியைத் திறந்தால் கச்சேரி ஆரம்பம். அமெரிக்காவில் எத்தனையோ பையன்களுக்கு அதுவே முதல் வாத்தியம். பிற்காலத்தில் லெட் ஸெப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ், எந்த விலையுள்ள கிதாரையும் வாங்கக் கூடியவர், ஒரு டேனெலக்ட்ரோவை மேடையில் வைத்து வாசித்தார்.

பீட்டில்ஸ் பால் மக்கார்ட்னியின் கதையும் இதே ஜாதிதான். 1961-ல் ஹாம்பர்க் நகரில் அவருக்கு ஒரு பேஸ் கிதார் தேவைப்பட்டது. ஃபெண்டர் வாங்க 100 பவுண்டு வேண்டும்; கையில் அவ்வளவு இல்லை. பிடில் வடிவத்திலிருந்த ஹாஃப்னர் ஒன்றைச் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கினார். 1972-ல் அது திருட்டுப் போயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து அவரிடம் திரும்பி வந்த செய்தி 2024-ல் வெளியாயிற்று. உலகத்தின் பெரிய தனவந்தர்களில் ஒருவர் ஒரு 30 பவுண்டுச் சாமானுக்காக ஐம்பது வருஷம் ஏங்கியிருக்கிறார் என்றால், குறிஞ்சிப்பாடி நண்பரை நாம் பரிகாசம் செய்வதற்கில்லை.

1964-ல் பீட்டில்ஸ் அமெரிக்கா போனதும் அங்கே ஒவ்வொரு பையனுக்கும் கிதார் வேண்டியிருந்தது. ஜப்பான்காரர்கள் டெய்ஸ்கோ முதலிய முத்திரைகளில் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். பொத்தான்களும் விசைகளும் ஏராளம், மினுக்கும் ஏராளம். அவற்றில் சிலவற்றின் காந்தச் சுருளுக்கு மேலே தங்க நிறத் தகடு பதித்திருக்கும்.

நம் நாட்டில் கதை வேறு. 1957-ல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து இறக்குமதிக்குக் கதவு சாத்தப்பட்டது. 1964-ல் 'காதலிக்க நேரமில்லை' பார்த்துவிட்டுக் காலால் தாளம் போட்டுக்கொண்டே வெளியே வந்த பையனுக்குக் கடையில் கிதார் கிடைக்க வேண்டுமே! கல்கத்தாப் பட்டறைகள் கைகொடுத்தன. ஹவாய் கிதார் அங்கே முன்பே வேரூன்றியிருந்தது; ஹவாய்த் தீவுக்காரரான டாவ் மோ தம் குடும்பத்தோடு 1940-களில் கல்கத்தாவில் தங்கி வாசித்ததும் ஒரு காரணம். அந்த நகரத்துக் கிவ்ஸன் கிதார்தான் பல மாணவர்களுக்குக் கைக்கெட்டிய வாத்தியம். வெளிநாட்டுச் சாமான் வேண்டுமென்றால் கப்பல்காரர்கள் கொண்டுவந்து விற்றதை மூர் மார்க்கெட்டில் தேட வேண்டும். அந்த மார்க்கெட்டும் 1985-ல் தீக்கு இரையாகிவிட்டது.

இவ்வளவு படிப்போடு நண்பர் வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில் ஒரு தறி. தறிக்கு மேலே சுவரில் கிதார். சிவப்புச் சாயம் வெடித்துப் பழைய தாழ்வாரச் சுவர் மாதிரி இருந்தது. தங்கத் தகடு மட்டும் மங்கவில்லை.

"வாங்கின புதுசிலே ஆம்ப்ளிஃபயர் கிடையாது அண்ணே. வால்வு ரேடியோவுக்குப் பின்னாலே கிராமபோன் மாட்ட ஒரு துவாரம் இருக்குமில்லே, அதிலேதான் சொருகுவோம். அப்பா செய்தி கேட்கிற நேரம் கிதாருக்கு விடுமுறை" என்றார். தந்தி அறுந்தால் மாண்டலின் தந்தி. மீட்டுவதற்கு, சோப்புப் பெட்டி மூடியை வெட்டித் தேய்த்த ஒரு துண்டு. நெய்வேலித் திருமணங்கள், கோயில் திருவிழாக்கள் என்று பத்து வருஷம் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்.

வாசித்தும் காட்டினார். உள்ளதைச் சொல்கிறேன்: அந்தத் தொனி அழகாகவே இருந்தது. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் மூடி வைக்காத, வெட்டவெளித் தொனி. நம் விஸ்வமோகன் பட்டோடு சேர்ந்து இசைத்துக் கிராமி பரிசு பெற்ற ரை கூடர், ஒரு மலிவு டெய்ஸ்கோவின் தங்கத் தகட்டுச் சுருளைக் கழற்றித் தம் கிதாரில் பொருத்திக்கொண்டது சும்மா இல்லை. நண்பர் கட்சி ஜெயித்தது என்று நினைத்தேன்.

அப்போது தம்பி வந்தார். அறுபத்தெட்டு வயது, மெலிந்த உடல். தறிப் பக்கத்தில் உட்கார்ந்தவர் கிதாரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"அண்ணனுக்குக் கை முரடு, பழகிடுச்சு" என்றார். "நானும் ஒரு வருஷம் முயற்சி பண்ணினேங்க. விரலெல்லாம் ரத்தம் கட்டும். அழுத்தினாலும் சுருதி ஏறிப் பேசும். குழுவிலே எல்லாரும் சிரிச்சாங்க. நமக்குச் சங்கீதம் கிடையாதுன்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரு பாட்டுக்கூட நான் வாய்விட்டுப் பாடினதில்லே."

எனக்குச் சுருக்கென்றது. பழைய சாமான்களின் பெருமையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் வென்றவர்கள். மக்கார்ட்னி சொல்கிறார், பேஜ் சொல்கிறார், என் நண்பர் சொல்கிறார். தோற்றவர்கள் எங்கே? முறுக்கிக்கொண்ட கழுத்து, தாறுமாறான மெட்டு, நிற்காத பிரடை, இவற்றோடு போராடி, தப்பு தங்களுடையது என்று நம்பி ஒதுங்கியவர்கள் கட்டுரை எழுதுவதில்லை. மோசமான கிதார்கள் எல்லாம் எப்போதோ விறகாகிவிட்டன. மிஞ்சியவற்றைப் பார்த்து, "அந்தக் காலத்து வேலையே தனி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நண்பரின் பேத்தி பள்ளிக்கூடத்தில் கிதார் கற்கிறாள். தன்னுடைய கிதாரை எடுத்து வந்து பழையதன் பக்கத்தில் வைத்தாள். அதுவும் மலிவுச் சரக்குதான். ஆனால் கம்ப்யூட்டர் இயந்திரம் அறுத்தது. மெட்டுகள் மயிரிழை பிசகாமல் இருந்தன.

"தாத்தா, இங்கே பாருங்க. உங்களதிலே தந்தி ரொம்ப ஒசரமா நிக்குது" என்றாள்.

தலையிலிருந்து கழுத்துக்குத் தந்திகள் இறங்கும் இடத்தில் ஒரு சிறு குறுக்குக் கட்டை இருக்கிறது. அதில் தந்தி படியும் பள்ளங்களை ஆழமாக அறுக்காமலே விட்டிருந்தார்கள். செய்தவர் யாரோ, அவசரமோ என்னவோ! தந்தி முதல் மெட்டுக்கு வெகு மேலே நின்றது. அவ்வளவு தூரம் அழுத்தினால் விரலும் நோகும். தந்தி இழுபட்டுச் சுருதியும் ஏறும்.

நண்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "பாவிலே ஒரு இழை தளர்ந்தாக் கண்டுபிடிக்கிற வம்சம். ஐம்பது வருஷமா இதைப் பார்க்கலையே" என்று முணுமுணுத்தார். பிறகு எழுந்து போய் ஒரு மெல்லிய அரத்தை எடுத்து வந்தார். தந்திகளைத் தளர்த்தி, பள்ளங்களை ஒவ்வொன்றாக ராவினார். அரை மில்லிமீட்டர் இருக்கலாம். மறுபடி சுருதி சேர்த்து, ஒன்றும் பேசாமல் தம்பியிடம் நீட்டினார்.

தம்பி வாங்கத் தயங்கினார். பேத்தி அவர் மடியில் வைத்து, மூன்று விரல்களை மூன்று இடத்தில் அமர்த்திக் காட்டினாள். அவர் மீட்டினார். ஆறு தந்தியும் ஒரே குரலில் பேசின. அவர் இன்னொரு தடவை மீட்டினார். தம் இடது கை விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ கோளாறு என் விரல்லே இல்லையாண்ணே?" என்றார்.

நண்பர் பதில் சொல்லவில்லை. அரத்தை வேஷ்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து காப்பி வந்தது. 30,000 ரூபாய்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் தீர்ப்புச் சொல்லாமலே ரயிலுக்குப் புறப்பட்டேன். தெரு முனை திரும்புகிற வரையில் அந்த ஒரே சேர்க்கை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.