உப்பும் கறுவாவும்: நம் பிள்ளைகள் எழுதாத கட்டுரை



பொருளியல் கட்டுரைப் போட்டிக்கு மாணவர்கள் தந்த கட்டுரைகளைப் போன கிழமை வாசித்தேன். பெரும்பாலும் பிட்கொயின், உலகப் பணவீக்கம். வசனங்கள் போனிலிருந்து எடுத்தவை. ஒரு மாணவனின் வாப்பா உப்பளத்தில் வேலை செய்பவர். "மழை பெய்தால் வீட்டில் என்ன நடக்கும்?" என்று கேட்டேன். பத்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னான். அதில் ஒரு வரிகூட கட்டுரையில் இல்லை. "வாப்பாட வேலையும் பொருளியலா சேர்?" என்றான்.

அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கினார். ஆரியச் சக்கரவர்த்தியின் முத்துக்களைப் பார்த்தார். கரையில் குவிந்து கிடந்த கறுவா மரங்களையும் பார்த்தார். ஆற்று வெள்ளம் அடித்து வந்தவை அவை. சோழமண்டலக் கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தவர்கள் விலை கொடுக்காமல் ஏற்றிப்போனார்கள். ஆனால் அரசனுக்குத் துணிமணி கொடுத்தார்கள். விலையில்லாத பொருளுக்கு ஏன் துணி? அது அன்பளிப்பா, வரியா? ஒரு கட்டுரைக்கு இந்தக் கேள்வி போதும்.

அடுத்தது உப்பு. மலைநாட்டில் உப்பு விளையாது. புத்தளத்து உப்பு பொதிமாடுகளில் கண்டிக்கு ஏறியது, அங்கிருந்து பாக்கு இறங்கியது. மாடு ஓட்டிய வியாபாரிகளில் நம் முன்னோரும் இருந்தார்கள். ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டியது களப்பின் வாயைப் பிடித்து இந்த வியாபாரத்தைத் தம் கையில் வைக்கத்தான். 1766 உடன்படிக்கையில் கண்டி அரசர் கரையோரம் முழுவதையும் இழந்தார். உப்பு யார் கையிலோ, பேரம் பேசும் பலமும் அவர் கையில்.

இதையெல்லாம் எழுத வெளியூர்க்காரர்தான் வரவேண்டும் என்றில்லை. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்கள், துறைமுகங்கள், ஆறுகள் பற்றிய விபரங்களைத் திரட்டி 1834இல் 'சிலோன் கெசற்றியர்' நூலாக வெளியிட்டார். அப்போது அவருக்கு 27 வயது.

இன்றைக்கும் கேள்விகள் தீரவில்லை. சுற்றிவரக் கடலுள்ள நாடு, மழையால் உப்பு விளைச்சல் கெட்டு, 2025இல் இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது. கடையில் விலை ஏறியபோது உப்பளத் தொழிலாளியின் நாட்கூலி ஏறியதா? இதற்குப் பதில் போனில் கிடைக்காது. நம் வீடுகளில் இருக்கிறது.

அந்த மாணவன் கட்டுரையைத் திரும்ப எழுதுகிறான். பரிசு கிடைக்குமா தெரியாது. வாப்பாவின் வேலையைப் பற்றி வெட்கப்படாமல் எழுதுகிறான், அல்ஹம்துலில்லாஹ்.

பெற்றோரிடமும் பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து "அந்தக் காலத்தில் உப்பு என்ன விலை? யார் வாங்கினார்கள்?" என்று கேட்டால், "போய்ப் படி" என்று அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் இருத்தி வைத்துச் சொல்லுங்கள். அதுவும் படிப்புத்தான்.