சிக்கனத்தின் பந்தயம்: ஃபார்முலா ஈ தொடரின் முதற் பருவமும் புத்ராஜெயாவும்

2014ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி சனிக்கிழமையன்று, புத்ராஜெயாவின் அரசாங்கக் காரியாலயங்களுக்கிடையே ஓடும் வீதிகளைக் கான்கிரீட் தடுப்பாலும் கம்பி வேலியாலும் அடைத்து நடத்தப்பெற்ற மோட்டார்ப் பந்தயம், செப்பாங் பந்தயத் தளத்தின் பேரிரைச்சலுக்குப் பழகிய காதுகளுக்கு ஒரு விநோதம். பெட்ரோல் வாடை இல்லை. யந்திரத்தின் உறுமலும் இல்லை. சக்கரங்களின் கிறீச்சொலியும் மின்மோட்டாரின் மெல்லிய சீழ்க்கையுமே கேட்டன. ஃபார்முலா ஈ என்னும் மின்கார்ப் பந்தயத் தொடரின் முதற் பருவத்தில் அது இரண்டாவது போட்டியாகும். அப்பருவத்தை வேகத்தின் சரித்திரமாகவே கூறுவது வழக்கமாகிவிட்டது. போட்டிகளின் முடிவுகளை வரிசையாக வைத்து நோக்குமிடத்து, கைவசமிருந்த மின்சாரத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவிட்டவனுக்கே அதில் ஏற்றம் கிடைத்தது என்பது என் அபிப்பிராயம்.

மின்சார வாகனம் நேற்று முளைத்த விஷயமன்று. கமீல் ஜெனாட்ஸி என்னும் பெல்ஜிய நாட்டவர், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை மனிதன் சாலையில் முதன்முறையாகத் தாண்டிய சாதனையை, 1899ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பாரிஸ் நகரின் அருகே, பேட்டரியால் ஓடிய வாகனமொன்றிலேயே நிகழ்த்தினார். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, 1894இல், தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் தம் ஈயச் சுரங்கத்தில் நீரிறைக்கும் பம்புகளை இயக்குவதற்காக மின்னாக்கி ஒன்றை நிறுவியமையால், மலாயாவில் மின்சாரம் தொழிலுக்குப் பயன்பட்ட முதல் இடம் என்னும் பெருமை நம் ரவாங்கிற்கு உரியதாயிற்று. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் தேவஸ்தானத்தோடும் பத்துமலையோடும் தம்புசாமிப் பிள்ளையின் பெயரைச் சேர்த்து நினைக்கும் நாம், இந்தச் செய்தியை அநேகமாக மறந்தே விட்டோம். (மின்சாரம் முதலில் வந்த இதே வட்டாரத்தின் தோட்டத்து லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது என்பதும் உடன் குறிக்கத்தக்கது.) ஆயினும், ஒரு டின் பெட்ரோலில் அடங்கும் சக்திக்கு ஈடான மின்சாரத்தைச் சேமிக்க வேண்டுமானால் அதைப் பன்மடங்கு விஞ்சிய எடையுள்ள பேட்டரி தேவைப்பட்டபடியால், இருபதாம் நூற்றாண்டின் சாலைகளைப் பெட்ரோல் யந்திரம் வென்றது. பேட்டரியின் எடை என்னும் அந்தப் பழைய வழக்குத்தான் ஒரு நூற்றாண்டு கழித்துப் பந்தயத் தளத்தில் மறுபடி விசாரணைக்கு வந்தது.

சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த ஜான் டோட், நகர வீதிகளில் மின்கார்கள் மட்டும் ஓடும் தொடரொன்று வேண்டும் எனக் கருதினார். அதனை நடத்தும் உரிமை 2012இல் அலெஹாண்ட்ரோ அகாக் என்னும் ஸ்பானிய வணிகரின் நிறுவனத்திற்கு அளிக்கப்பட்டது. பத்துக் குழுக்கள், குழுவுக்கு இரண்டு ஓட்டுநர்கள் என்ற திட்டத்தில், முதற் பருவத்தில் செலவு கட்டுமீறாதிருக்க அனைவருக்கும் ஒரே வகைக் காரே தரப்பட்டது. அக்காரின் உடற்கூட்டை இத்தாலியின் டல்லாராவும், மோட்டாரை மெக்லாரனும், பேட்டரியை வில்லியம்ஸ் நிறுவனத்தின் பொறியியல் பிரிவும், டயரை மிஷெலினும் அளித்தன. ரெனோவின் துணையோடு ஸ்பார்க் என்னும் பிரெஞ்சு நிறுவனம் அனைத்தையும் ஒன்றிணைத்தது.

அந்தப் பேட்டரியிலிருந்து ஓட்டுநர் எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட சக்தி 28 கிலோவாட் மணி மட்டுமே. தேர்வுச் சுற்றில் 200 கிலோவாட் வரை பாய்ச்சலாம். பந்தயத்திலோ 150 கிலோவாட்டுக்கு மேல் கூடாது. அவ்வாறு அடக்கி ஓட்டியும் ஒரு பேட்டரி முழுப் பந்தயத்திற்கும் போதாமையால், ஒவ்வொரு ஓட்டுநருக்கும் இரண்டு கார்கள் என மொத்தம் 40 கார்கள் கொண்டுவரப்பட்டன. பந்தயத்தின் நடுவில் கொட்டகைக்குள் நுழைந்து, இடுப்பு வாரையும் தோள் வாரையும் அவிழ்த்து, எழுந்து, பக்கத்தில் நிற்கும் இரண்டாவது காருக்குள் இறங்கி, உதவியாளர்கள் வார்களை மறுபடி இறுக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரைக் கண்டவர்கள், எதிர்கால வாகனம் இதுதானா என்று நகைத்ததில் வியப்பில்லை. அந்நகைப்பில் நியாயமும் உண்டு. ஆனால் அக்குறையை மறைக்க முயலாமல் ஆயிரக்கணக்கானோர் கண்முன் நிறுத்தியதே அத்தொடரின் நேர்மை என்று நான் மதிக்கிறேன். ரசிகர்களின் வாக்கைப் பெற்ற மூவருக்குச் சில விநாடிகள் கூடுதல் சக்தி வழங்கிய ஏற்பாடோ, பந்தயத்தின் கௌரவத்திற்கு ஒவ்வாத விளையாட்டாகவே எனக்குப் படுகிறது.

2014 செப்டம்பர் 13ஆம் தேதி பெய்ஜிங்கில் நடந்த முதற் போட்டியின் கடைசித் திருப்பத்தில், முன்னணியில் இருந்த நிக்கோலா புரோஸ்டும் ஹைட்ஃபெல்டும் மோதிக்கொள்ளவே, லூக்காஸ் டி கிராஸி முதலாவதாக வந்தார். மகிந்திரா குழுவுக்காக ஓட்டிய சென்னைக்காரர் கருண் சந்தோக் ஐந்தாம் இடம் பெற்றார். அவருடைய பாட்டனார் இந்து சந்தோக், 1950களில் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை நிறுவியவர்களுள் ஒருவர். சோழவரத்தின் பழைய விமானத் தளத்தில் பந்தயம் வளர்த்த பரம்பரை அது.

இனி, புத்ராஜெயா. பந்தயம் நடந்த அந்த மண்ணின் பூர்வ சரித்திரத்தைச் சிலாங்கூர்த் தமிழன் ஒருவன் சொல்லாமல் கடந்து செல்ல இயலாது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கில அதிகாரிகள் 1921இல் தொடங்கிய பிராங் பெசார் ரப்பர்த் தோட்டம் அது. அங்கே ஒட்டுக்கட்டித் தேர்ந்தெடுக்கப்பட்ட பி.பி. என்னும் முதலெழுத்துகளைத் தாங்கிய கன்று வகைகள் உலகெங்கும் ரப்பர் பயிரிடுவோரிடையே பிரசித்தம் பெற்றவை. 1990களில் புதிய நிர்வாகத் தலைநகரம் எழும்பியபோது, அங்கும் அண்டைத் தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் தெங்கிலில் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. மரங்கள் நின்ற நிலத்தில் அகலமான வீதிகள் அமைந்தன. அவ்வீதிகளின் வழியேதான் 2.56 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் வகுக்கப்பட்டது.

தொடக்கத்தில் அக்டோபர் மாதத்திற்கென அறிவிக்கப்பட்ட அப்போட்டி, அட்டவணை மாறி நவம்பருக்குத் தள்ளிப்போயிற்று. பெய்ஜிங்கில் தெரியாத ஒரு விரோதி இங்கே காத்திருந்தது, அது உஷ்ணம். பேட்டரி மின்சாரத்தை வெளியிடும்போதும் சூடேறும், பிரேக் பிடிக்கையில் சக்கரத்தின் ஓட்டத்திலிருந்து மீளும் மின்சாரத்தை ஏற்கும்போதும் சூடேறும். சூடு வரம்பு மீறினால் காரே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். நம் நாட்டு நடுப்பகல் வெயிலில் அவ்வரம்புக்குள் நிற்பதற்காக, திருப்பத்திற்கு வெகு முன்னரே மிதியிலிருந்து காலை எடுத்து, வண்டியைத் தன் வேகத்திலேயே உருளவிட்டுப் பிறகு பிரேக்கைத் தொடும் வித்தையை ஓட்டுநர்கள் கையாள வேண்டியதாயிற்று. கொட்டகையில் பேட்டரிகளைக் குளிர்விக்க உலர்பனி பயன்பட்டது.

முந்திய போட்டியில் நேர்ந்த மோதலுக்காகப் புரோஸ்டுக்குப் பத்து இடங்கள் பின்தள்ளும் தண்டனை இருந்தபடியால், முதல் இடத்திலிருந்து புறப்படும் வாய்ப்பு ஓரியோல் செர்வியாவுக்குக் கிடைத்தது. ஆயினும் வர்ஜின் குழுவின் சாம் பேர்ட் விரைவிலேயே முன்னுக்கு வந்து, 31 சுற்றுகளையும் முடித்து எளிதாக வென்றார். என் நோக்கில் அவரினும் சிறப்புடையவர், பின்வரிசையிலிருந்து புறப்பட்டு, மின்சாரத்தை மிச்சம் பிடித்து, பிறர் கார் மாற்றச் சென்ற தருணங்களைக் கணக்கிட்டு இரண்டாம் இடத்தை எட்டிய டி கிராஸியே. செபாஸ்தியன் புவேமி மூன்றாவதாகவும், சந்தோக் ஆறாவதாகவும் வந்தனர். பருவம் முழுவதிலும் சந்தோக் ஈட்டிய 18 புள்ளிகளும் ஆசிய மண்ணில் நடந்த இவ்விரு போட்டிகளில் கிடைத்தவையே. மொத்தம் ஓடிய தூரம் 79 கிலோமீட்டர் சொச்சம். ரவாங்கிலிருந்து புத்ராஜெயாவுக்குப் போகும் சாலைத் தூரத்தை விட அதிகமான இதற்கே ஆளுக்கு இரண்டு கார்கள் தேவைப்பட்டன.

அடுத்து உருகுவே, அர்ஜென்டினா, அமெரிக்கா, மொனாக்கோ, பெர்லின், மாஸ்கோ எனத் தொடர் சென்றது. பெர்லினில் முதலாவதாக வந்த டி கிராஸியின் வெற்றி, காரின் முன் இறக்கையில் செய்த விதிமீறலால் பறிபோனது என்பதைத் தவிர, இங்கு விரித்துரைக்க வேண்டியது அதிகமில்லை.

லண்டன் பாட்டர்ஸி பூங்காவில் 2015 ஜூன் 27, 28 தேதிகளில் நடந்த இறுதிப் போட்டிகள்தாம் இக்கட்டுரையின் வாதத்திற்குச் சாட்சி. கடைசி நாளில் முதலாவதாகக் கோட்டைக் கடந்த ஸ்தெஃபான் சராசான், அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் மின்சாரம் செலவிட்டுவிட்டார் எனக் கண்டறியப்பட்டு, நேரத் தண்டனையால் வெற்றியை இழந்தார். வெற்றி மறுபடி சாம் பேர்டைச் சேர்ந்தது. கார் மாற்றி வெளியேறிய சுற்றில் வண்டி சுழன்று ஓரிடம் இழந்த புவேமி, மகிந்திரா குழுவின் புருனோ சென்னாவை முந்தக் கடைசிவரை முயன்றும் இயலாமல் ஐந்தாவதாக முடித்தார். அந்த ஓரிடம் கிடைத்திருந்தால் இரண்டு புள்ளிகள் கூடியிருக்கும், பட்டமும் அவருடையதாகியிருக்கும். பின்வரிசையிலிருந்து நிதானமாக முன்னேறி ஏழாவதாக வந்த நெல்சன் பீக்கே ஜூனியர், 144க்கு 143 என்னும் கணக்கில் முதல் சாம்பியனானார். டி கிராஸிக்கு 133.

புத்ராஜெயாவில் 2015 நவம்பரில் மேலும் ஒரு போட்டி நடந்தது; அதன் பின் அத்தொடர் நம் நாட்டுக்குத் திரும்பவில்லை. இந்திய மண்ணில் 2023 பிப்ரவரியில் ஐதராபாத்தின் உசேன் சாகர் ஏரிக்கரையில் ஒருமுறை நடந்ததோடு சரி. பந்தயத்தின் நடுவே கார் மாற்றும் வழக்கம், கொள்ளளவு கூடிய புதிய பேட்டரி வந்த 2018 டிசம்பரோடு ஒழிந்தது. ரவாங்கை அடுத்த சுங்கை சோவில் உள்ள பெரொடுவா தொழிற்சாலையில் தயாராகி 2025 டிசம்பரில் அறிமுகமான கியூவி-ஈ என்னும் குடும்பக் காரின் பேட்டரி, 52.5 கிலோவாட் மணி கொள்ளளவு உடையது. புத்ராஜெயாவில் சாம் பேர்ட் ஓட்டிய பந்தயக் காருக்கு அனுமதிக்கப்பட்ட சக்தியைப் போல் இது ஏறத்தாழ இரு மடங்கு.