குறைந்த தண்டனையும் மேல்முறையீட்டு உரிமையும்: இந்தியச் சட்ட வரலாற்றில் ஒரு நோக்கு

குற்றம் முற்றுப்பெறாது முயற்சியளவில் நின்றுவிடும்போது தண்டனை எவ்வளவு இருத்தல் வேண்டும்? அது மிகக் குறைந்துவிடின் மேல்நீதிமன்றத்தை அணுகும் உரிமை யாருக்கு உண்டு? இவ்விரு வினாக்களையும், இந்தியாவின் பாலியல் வல்லுறவு முயற்சி வழக்குகளை முன்வைத்து நாம் இங்கு நோக்குவோம்.

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், தனிவிதி வகுக்கப்படாத முயற்சிகளுக்கு, முழுக்குற்றத்திற்குரிய மிக நீண்ட சிறைக்காலத்தில் பாதியையே உச்சவரம்பாக்கியது (பிரிவு 511). இவ்வாறு பின்னமாகக் கணக்கிடுகையில் ஆயுள் தண்டனை 20 ஆண்டுகளாகக் கொள்ளப்பட்டது (பிரிவு 57). எனவே, ஆயுள் தண்டனைக்குரிய வல்லுறவுக் குற்றத்தின் முயற்சிக்கு 10 ஆண்டுகளே எல்லையாயின.

இரண்டாம் வினாவிற்கான விடை மெல்லவே உருப்பெற்றது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், தண்டனை போதாது என்று அரசு மேல்முறையீடு செய்ய வழியில்லை. உயர் நீதிமன்றமே சீராய்வு அதிகாரத்தால் தண்டனையை உயர்த்தலாம். அந்நிலையில் தீர்ப்பையே எதிர்த்து வாதிடும் உரிமையைக் குற்றவாளிக்கு 1923ஆம் ஆண்டுத் திருத்தம் அளித்தது. 1973ஆம் ஆண்டின் புதிய சட்டமே 377ஆம் பிரிவின்வழி அரசுக்கு நேரடி மேல்முறையீட்டு உரிமையை வழங்கியது. குற்றவாளிக்குரிய மேற்கண்ட பாதுகாப்பையும் அது பேணியது.

ஆயினும், தண்டனை குறைவது ஆண்டுக்கணக்கால் மட்டுமன்று. குற்றத்தின் பெயர் மாறுவதாலும் அது குறையும். மத்தியப் பிரதேச வழக்கொன்றில், இரு சிறுமியர்மீதான வல்லுறவு முயற்சிக்கு விசாரணை நீதிமன்றம் 5 ஆண்டுச் சிறை விதித்தது. உயர் நீதிமன்றமோ அதனைப் பெண்ணின் மானத்திற்குப் பங்கம் விளைவித்த குற்றமாகக் குறைத்து, 2 ஆண்டுகளாக்கியது. அரசின் மேல்முறையீட்டை ஏற்ற உச்ச நீதிமன்றம், ஆயத்தம் எங்கு முடிகிறது, முயற்சி எங்குத் தொடங்குகிறது என்பதை விளக்கி, 2021 அக்டோபரில் முதல் தீர்ப்பையே மீட்டது.

பாதிக்கப்பட்டோரின் நிலை யாது? 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விடுதலை, சிறுகுற்றத் தீர்ப்பு, போதிய இழப்பீடின்மை ஆகியவற்றை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அவர்களுக்கு உரிமையளித்தது. தண்டனை போதாமை அப்பட்டியலில் இல்லை. 2020இல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. குற்றத்தின் பெயர் குறைந்தால் பாதிக்கப்பட்டவர் தாமே முறையிடலாம். ஆண்டுகள் மட்டும் குறைந்தால் அரசின் முடிவையே அவர் எதிர்நோக்கியிருத்தல் வேண்டும்.

2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய இந்தியச் சட்டங்களும் பாதியளவு வரம்பையும் இவ்வுரிமைப் பங்கீட்டையும் தொடர்கின்றன. இந்தியச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்ட சிங்கப்பூரோ, 2020 முதல் அவ்வரம்பைக் கைவிட்டது. ஒரே மூலத்தினின்று பிரிந்த இவ்விரு வழிகளையும் ஒப்பிட்டு நோக்குவது, சட்ட வரலாறு பயில்வோர்க்குப் பெரிதும் பயன்தரும் எனக் கருதுகின்றோம்.