வாசலை உயர்த்தினார்கள், நாளைக் குறைத்தார்கள்

பம்பாய்ப் பங்குச் சந்தையில் 'தேஜி', 'மந்தி' என்ற இரண்டு சொற்கள் நெடுங்காலம் புழங்கின. தேஜி என்றால் ஏற்றம், மந்தி என்றால் இறக்கம். விலை ஏறும் என்று நம்புகிறவர் சிறு தொகை கொடுத்து, குறித்த நாளுக்குள் குறித்த விலையில் பங்கை வாங்கும் உரிமையைப் பெறுவார். இறங்கும் என்று நம்புகிறவர் விற்கும் உரிமையைப் பெறுவார். கணிப்பு பொய்த்தால் கொடுத்த தொகை போகும், அதற்கு மேல் போகாது. இன்று கைபேசியில் 'கால்', 'புட்' என்ற ஆப்ஷன்களாக வாங்கப்படுவது இதே சரக்குதான். 1956-ஆம் ஆண்டின் பங்குப் பத்திர ஒப்பந்தங்கள் சட்டம், தன் 20-ஆம் பிரிவில் இதைத் தடை செய்தது. 1995-இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. 2001 ஜூனில் நிஃப்டி என்ற பங்குச் சந்தைக் குறியீட்டின் ஆப்ஷனும் ஜூலையில் தனிப் பங்கு ஆப்ஷனும் சட்டபூர்வமாகச் சந்தைக்கு வந்தன. இந்த வரலாற்றைத் தடையா, அனுமதியா என்ற வழக்காகவே பேசிப் பழகிவிட்டோம். சிறு முதலீட்டாளரின் தலையெழுத்தைத் தீர்மானித்தது வேறொன்று: ஒப்பந்தத்துக்கு எத்தனை நாள் ஆயுள் என்பது.

அனுமதி கொடுத்தவர்கள் சிறியவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் இல்லை. எந்த ஒப்பந்தமும் 2 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று நாடாளுமன்ற நிதி நிலைக்குழு சொன்னது, அதுவே வரம்பானது. 2015-இல் அது 5 லட்சமாகவும், 2024-இல் 15 லட்சமாகவும் உயர்ந்தது. வாசலை உயர்த்தினால் வசதியுள்ளவர் மட்டுமே நுழைவார் என்பது கணக்கு. ஆனால், ஆப்ஷன் வாங்குகிறவர் ஒப்பந்தத்தின் முழு மதிப்பையா கட்டுகிறார்? அந்த உரிமைக்கான விலையாகிய பிரீமியத்தைத்தான் கட்டுகிறார். நிஃப்டி 24,000-இல் இருக்கிறது, ஓர் ஒப்பந்தத்தின் அளவான லாட் 75 என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்த மதிப்பு 18 லட்சம். ஒரு மாத ஆயுளுள்ள ஆப்ஷனின் விலை 300 ரூபாய் என்றால் 22,500 ரூபாய் வேண்டும். ஒப்பந்தம் காலாவதியாகும் முடிவு நாள் பிற்பகலில், சற்றே எட்டாத விலைக்கான ஆப்ஷன் 10 ரூபாய்க்குக் கிடைத்தால் 750 ரூபாய் போதும். பிரீமியத்தின் பெரும்பகுதி காலத்துக்கான விலை. காலம் சுருங்கச் சுருங்க நுழைவுக் கட்டணமும் சுருங்கும்.

காலம் சுருங்கவும் செய்தது. தொடக்கத்தில் மாதத்தின் கடைசி வியாழன் ஒன்றுதான் முடிவு நாள். 2016-இல் பேங்க் நிஃப்டிக்கு வாராந்தர ஆப்ஷன் வந்தது. 2019-இல் நிஃப்டிக்கும் வந்தது. பிறகு குறியீடுகள் ஒவ்வொன்றாகச் சேர, 2023 வாக்கில் திங்கள் முதல் வெள்ளி வரை எல்லா நாளும் ஏதோ ஒரு குறியீட்டின் முடிவு நாளாகிவிட்டது. உயர்த்திய வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு திட்டிவாசல் திறந்துகொண்டது. விளைவைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வு எண்ணிக் காட்டியது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் வணிகம் செய்த தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. எதிர்ப்பக்கத்தில் லாபம் பார்த்த பெரிய நிறுவனங்களுக்கு அந்த லாபம் ஏறக்குறைய முழுவதும் கணினி நிரல்வழி வணிகத்திலிருந்தே வந்தது.

இதற்கு மறுப்புகள் உண்டு. ஆப்ஷன் என்பது காப்பீடு, கையிலுள்ள பங்குக்கு ஒரு புட் வாங்கி வைப்பது விவேகம் என்பார்கள். உண்மைதான். ஆனால், பல ஆண்டுகளுக்காகப் பங்கு வைத்திருப்பவருக்கு மாதக்கணக்கில் நிற்கும் காப்பீடு வேண்டும். இன்று மாலை மூன்றரை மணிக்குக் காலாவதியாகும் காப்பீடு எதற்கு? வாங்குபவரின் நட்டம் பிரீமியத்தோடு நிற்கும் என்பது அடுத்த வாதம். ஒரு முறைக்கு நிற்கும். வாரந்தோறும் வாங்கினால் ஆண்டுக்கு 52 முறை போகும். ஒன்றை வாங்கி மற்றொன்றை விற்கும் 'ஸ்ப்ரெட்' போன்ற உத்திகள் நட்டத்துக்கு எல்லை கட்டும். கூடவே லாபத்துக்கும் கட்டும், தரகையும் வரியையும் இரட்டிப்பாக்கும். கைபேசியும் மலிந்த தரகும்தான் காரணம் என்போரும் உண்டு. அதே கைபேசி வழியாகத்தான் மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. கட்டுகிறவர்களும் வந்தார்கள். ஆட்களைக் கொண்டுவந்தது கருவி. கையைச் சுட்டது அவர்கள் வாங்கிய சரக்கு.

அப்படியானால் பழையபடி தடை செய்துவிடலாமே என்றால், வரலாறு அதற்கும் துணை நிற்கவில்லை. இங்கிலாந்து 1734-இல் பர்னார்டு சட்டத்தால் ஆப்ஷனைத் தடுத்தது. 1860-இல் அந்தச் சட்டம் நீக்கப்படும்வரை லண்டன் தரகர்கள் நாணயத்தை நம்பி அதை நடத்திக்கொண்டுதான் இருந்தார்கள். தடை நீதிமன்றக் கதவை அடைக்கும், ஆசையை அடைக்காது. 2024 நவம்பரில் செபி ஒப்பந்த மதிப்பை உயர்த்தியதோடு, ஒரு சந்தைக்கு ஒரே வாராந்தரக் குறியீடு என்றும் வரையறுத்தது. முடிவு நாள்கள் வாரத்துக்கு ஐந்திலிருந்து இரண்டாயின. ஆனாலும் 2025 நிதியாண்டிலும் 91 சதவீதத் தனிநபர்கள் நட்டத்தில்தான் முடித்தார்கள். நாளின் எண்ணிக்கை குறைந்ததே தவிர, வார ஆயுள் அப்படியே நின்றது. 2 லட்சத்தை 15 லட்சமாக்கியும் அடைபடாத வழி, 15-ஐ 30 ஆக்கினாலும் அடைபடாது. அடுத்த வரம்பை ரூபாயில் வைப்பதைவிட நாளில் வைத்துப் பார்ப்பதுதான் முறை.