திருவொற்றியூர் புல்லட்டும் இமயத்துப் பனியும்

இந்தியாவில் பனிமலைப் பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் வழக்கத்தின் வரலாறு, பனியே விழாத ஒரு நகரத்தோடு பிணைந்தது. லடாக், லாஹௌல், ஸ்பிதி ஆகிய உயர்மலைப் பகுதிகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிய புல்லட் வண்டிகள் வடசென்னையின் திருவொற்றியூரில் செய்யப்பட்டவை. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 பாகை செல்சியஸ். தியாகராய நகரை ஒட்டிய நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்தின் கணக்குப்படி மார்கழி விடியற்காலையில் வெப்பநிலை 20 பாகையை ஒட்டி இறங்கினாலே தி. நகர்வாசிகள் மஃப்ளரும் குரங்குக் குல்லாயும் எடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரின் தொழிலாளர்கள் பூட்டிய இயந்திரம்தான் 5,000 மீட்டருக்கு மேல், உறைநிலைக்குக் கீழ் ஓடியது.

தமிழில் 'பனி' என்ற ஒரே சொல் புல்நுனியில் நிற்கும் துளியையும், காலை மூட்டத்தையும், வானிலிருந்து வெண்மையாக விழுவதையும் குறிக்கும். முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களே அதன் பெயரில் உள்ளன. உதகை, கொடைக்கானல் பக்கம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புல்வெளி வெளுப்பது உறைபனி. வண்டி ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடுகள் முக்கியமானவை. புதிதாக விழுந்த பொடிப்பனியில் டயர் புதையும். மிதிபட்டு இறுகிய பனியில் வழுக்கும். பகலில் உருகி இரவில் தார் மேல் மீண்டும் உறைந்த கண்ணாடிப் படலம் கண்ணுக்கே தெரியாது. மூன்றாவதுதான் அதிகம் ஆள்விழுத்துவது.

பாதை

இமயத்தில் மோட்டார் சைக்கிளுக்கு முன் பாதை வேண்டியிருந்தது. அந்தப் பாதையின் தொடக்கத்திலும் சென்னை மாகாணத்தின் பெயர் இருக்கிறது. 1948இல் காஷ்மீர்ப் போரின்போது ஸ்ரீநகரையும் லடாக்கையும் இணைக்கும் சோஜி லா கணவாய் எதிரிகள் வசம் இருந்தது. பால்தாலிலிருந்து மேலே செல்லும் கோவேறு கழுதைப் பாதையை மதராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையினர் டாங்கிகள் ஏறும் அளவுக்கு அகலப்படுத்தினர். 1948 நவம்பர் 1 அன்று 7ஆம் குதிரைப்படையின் ஸ்டூவர்ட் ரக டாங்கிகள் பனியினூடே 3,500 மீட்டர் உயரத்தில் ஏறிக் கணவாயைத் திறந்தன. 

1960 மே மாதம் எல்லைச் சாலைகள் அமைப்பு உருவானது. ஸ்ரீநகர்–லே, மணாலி–லே சாலைகளைப் போடுவதும் பராமரிப்பதும், குளிர்காலம் முடிந்ததும் பனியை வெட்டி ஒதுக்குவதும் இதன் வேலை. லே நகருக்கு வடக்கே கர்துங் லா கணவாய்ச் சாலை 1976இல் போடப்பட்டு 1988இல் பொதுமக்கள் வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் உச்சியில் நெடுங்காலம் நின்ற பலகை உயரத்தை 18,380 அடி என்றது. நவீன அளவீடுகளின்படி அது சுமார் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. உலகின் மிக உயரமான மோட்டார் சாலை என்ற விளம்பரம் அந்தப் பலகையிலிருந்து கிளம்பியது. எண் தவறாக இருந்தாலும் அது பல்லாயிரம் பேரை மலையேற வைத்தது.

பனிப்பாதைச் சவாரி பற்றிய எழுத்துகளில் ஓட்டியவரின் துணிச்சல் பெரிதாகவும் பாதை போட்டவரின் உழைப்பு சிறிதாகவும் வருவது ஒரு குறை. ஆண்டுதோறும் கணவாய்களைத் திறப்பவர்களில் பெரும்பகுதி ஜார்கண்ட் போன்ற சமவெளி மாநிலங்களிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தார் டின்னுக்கு அடியில் எரியும் நெருப்பில் அவர்கள் கைகாய்ச்சுவதைப் பார்க்காமல் அந்தச் சாலைகளில் யாரும் போயிருக்க முடியாது.

வண்டி

புல்லட் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் பிறந்தது. 1932 முதல் ராயல் என்ஃபீல்டு அந்தப் பெயரைப் பயன்படுத்திவந்தது. நாம் அறிந்த 350 சிசி வடிவம் 1940களின் இறுதியில் வந்தது. சென்னையில் கே. ஆர். சுந்தரம் அய்யர் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்து விற்றது. எல்லை ரோந்துக்கும் செய்தி கொண்டுசெல்லவும் உறுதியான வண்டி தேடிய இந்திய ராணுவம் 1952இல் 350 சிசி புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அவை அடுத்த ஆண்டு ரெடிட்சிலிருந்து வந்து சேர்ந்தன. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. 1956இல் திருவொற்றியூர் ஆலை திறந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டும் வேலை மட்டுமே நடந்தது. 1960களின் தொடக்கத்திற்குள் பாகங்கள் அனைத்தும் இங்கேயே செய்யப்பட்டன. 1970இல் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்டபோது புல்லட் ஏற்கனவே முழுச் சென்னை வண்டியாகியிருந்தது.

ராணுவம் தேர்ந்தெடுத்ததால் புல்லட் பனிக்கென்றே வடிவமைக்கப்பட்டது என்றொரு நம்பிக்கை உண்டு. அது சரியல்ல. பனிக்கென்று எண்ணிச் செய்த மோட்டார் சைக்கிள்கள் வேறு விதமானவை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் சுண்டாப் கேஎஸ் 750, பிஎம்டபிள்யூ ஆர் 75 ஆகியவற்றின் பக்கப்பெட்டிச் சக்கரமும் எஞ்சினால் சுழன்றது. மூன்று சக்கரம் என்பதால் வண்டி சாயாது. இரண்டு சக்கரம் உந்துவதால் சேற்றிலும் பனியிலும் சிக்காது. ஜெர்மனியில் 1956 முதல் கடுங்குளிரில் நடக்கும் 'யானைச் சந்திப்பு' என்ற மோட்டார் சைக்கிள் கூட்டம் 'பச்சை யானை' என்று செல்லப்பெயர் பெற்ற சுண்டாப் கேஎஸ் 601 வண்டியிலிருந்தே தன் பெயரைப் பெற்றது. அவர்கள் பனியிலேயே ஓட்டினர். இந்தியாவில் பனி வெட்டப்படும் வரை காத்திருந்து, சுவர் போல நிற்கும் பனிக்கு நடுவே ஈரத்தார் மேல் ஓட்டினர்.

அந்த வேலைக்கு புல்லட் பொருந்தியதன் காரணம் எளியது: வழியில் பழுதானால் வழியிலேயே சரிசெய்துகொள்ளலாம். ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின், பாயிண்ட் வைத்த பற்றவைப்பு, கிக்கர். குறைந்த வேகத்திலும் திணறாமல் இழுக்கும் கனமான ஃப்ளைவீல் இருந்ததால் வழுக்கும் இடத்தில் ஆக்சிலேட்டரை முறுக்காமல் மெல்ல நகர்த்த முடிந்தது. கிளட்ச் வயரும் ஸ்பார்க் பிளக்கும் சில ஸ்பேனர்களும் சாக்குப்பையில் இருந்தால் போதும். கார்கிலிலும் கேலாங்கிலும் ராணுவ வண்டி பழகிய மெக்கானிக்குகள் இருந்தார்கள். எண்ணெய் கசிவு, அதிர்வு, பலவீனமான பிரேக் ஆகிய குறைகளும் அதோடு வந்தன. இறக்கத்தில் பழைய டிரம் பிரேக்கை நம்பியவர்களைவிட, முதல் கியரில் எஞ்சினையே பிரேக்காக வைத்து இறங்கியவர்கள் பத்திரமாக வந்தனர்.

குளிரும் உயரமும் எஞ்சினைச் செய்வது

கர்துங் லா உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைச் சற்றே தாண்டும். எஞ்சினுக்குள் போகும் காற்றும் அவ்வளவே. சென்னையில் 18 குதிரைத்திறன் காட்டும் 350 சிசி புல்லட் அங்கே ஏறக்குறைய பாதித் திறனோடு, ஓட்டுபவரையும் மூட்டைகளையும் பெட்ரோல் கேனையும் சுமந்து ஏற வேண்டும். கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. காற்று குறைந்தாலும் அது ஏறக்குறைய பழைய அளவிலேயே பெட்ரோலை விடும். கலவை கெட்டியாகி, சைலன்சரில் கரும்புகை வரும், பிளக் கரிபிடிக்கும், வண்டி திணறி நிற்கும். இதற்காக ஊசியை ஒரு படி இறக்குவதும், சிறிய மெயின் ஜெட் மாட்டுவதும் மலைப் பயணிகளின் வழக்கமாயிற்று. சிலர் ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிந்தனர். லடாக்கின் நுண்ணிய புழுதி பிஸ்டனைத் தேய்த்தது.

குளிர் வேறு வழியில் தாக்கும். சென்னை வெயிலுக்கு ஏற்ற கெட்டியான எஞ்சின் ஆயில் இரவில் கூழாகும். விடியலில் கிக்கர் கல்லைப்போல் நிற்கும். ஈய அமில பேட்டரி உறைகுளிரில் தன் திறனில் கணிசமான பகுதியை இழக்கும். டீகம்ப்ரஷர் நெம்பை அழுத்தி, அம்மீட்டர் முள்ளைப் பார்த்துப் பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து ஒரே உதையில் கிளப்பும் பழைய புல்லட் வித்தை இங்கே உயிர்காக்கும் திறமை. 4,000 மீட்டர் உயரத்தில் இருபது தடவை உதைப்பவர் மூச்சுத்திணறி உட்கார்ந்துவிடுவார்.

உடலைச் செய்வது

வண்டியைவிட மனிதர் முதலில் தோற்பார். காற்று 0 பாகையில் இருக்கும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் திறந்த தோலுக்கு அது சுமார் −9 பாகையாக உறைக்கும். முதலில் விரல் நுனி மரத்துப்போகும். கிளட்சைப் பிடித்திருக்கிறோமா விட்டோமா என்று தெரியாத நிலை வரும். பிறகு உடல் நடுங்கும். நடுக்கம் இன்னும் எச்சரிக்கைதான். உடல் தளர்ந்த நிலையில் நடுக்கம் தானே நின்று, பேச்சு குழறி, சிந்தனை மந்தமானால் அது ஆபத்தின் அடையாளம்.

இதோடு உயரநோயும் சேரும். சமவெளியிலிருந்து விமானத்தில் லே நகருக்கு வந்து இறங்குபவர் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் ஓயாமல் சொல்வது. கர்துங் லா உச்சியில் நெடுநேரம் நிற்க வேண்டாம் என்ற அறிவுரையும் அதனால்தான். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் கீழே இறங்குவதே முதல் மருந்து.

தென்னாட்டுப் பயணிகள் எதிர்பாராதது நீர். காலையில் கணுக்கால் அளவு ஓடும் பனிநீர் ஓடை, வெயில் ஏறிப் பனி உருகியதும் பிற்பகலில் முழங்காலுக்கு மேல் வரும். பூட்ஸுக்குள் புகுந்த நீரோடு அடுத்த கணவாய் ஏறுவதுதான் கால் விரல்களுக்குக் கேடு. காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பை, கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை, சட்டைக்குள் செய்தித்தாள் என்ற மலிவான ஏற்பாடுகள் விலையுயர்ந்த உடைகள் வருவதற்கு முன்பே பரவியிருந்தன. செய்தித்தாள் வேலை செய்வதற்குக் காரணம் மடிப்புகளுக்கிடையே அகப்படும் அசையாக் காற்று.

1997 முதல்

லடாக் 1974இல்தான் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. முதல் ஆண்டுகளில் புல்லட்டில் வந்தவர்களில் வெளிநாட்டவர் கணிசம். 1997இல் நாற்பது பேர் திருவொற்றியூர் ஆலையிலிருந்தே புறப்பட்டு கர்துங் லா வரை ஓட்டினர். சாலை வழியே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கடற்கரை வெப்பத்திலிருந்து உறைநிலை வரை ஒரே வண்டி. அப்போது நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கையில், விற்பனைச் சரிவில் இருந்தது. அந்தப் பயணம் ஒரு மரபாகி, 2000களில் ஆண்டுதோறும் நடக்கும் 'ஹிமாலயன் ஒடிஸி' ஆனது. நகரத்தில் பழையதாகிவிட்ட வண்டிக்கு மலை புதிய பொருள் கொடுத்தது என்றால் மிகையில்லை.

இயந்திரமும் மாறியது. 2009இல் இந்தியாவுக்கு வந்த கிளாசிக் 500இல் பெட்ரோலை மின்னணு முறையில் செலுத்தும் அமைப்பு இருந்தது. உயரத்துக்கேற்பக் கலவையை அதுவே திருத்திக்கொள்ளும். ஜெட் மாற்றும் கலை மெல்ல மறைந்தது, வழியில் சுத்தியலால் தட்டிச் சரிசெய்யும் வசதியும் கூடவே போனது. 2016இல் வந்த ஹிமாலயன்தான் இந்தப் பாதைகளை மனத்தில் வைத்து நிறுவனம் முதலில் செய்த வண்டி: 411 சிசி எஞ்சின், கற்களில் உருள 21 அங்குல முன்சக்கரம், 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி, முகப்பில் திசைகாட்டியும் வெளி வெப்பநிலையும். அந்த வண்டியும் முதலில் கார்புரேட்டரோடு வந்து, அடுத்த ஆண்டே மாறியது. 2023 இறுதியில் நீரால் குளிரும் 452 சிசி எஞ்சின் அதன் இடத்தைப் பிடித்தது.

உண்மையான பனியில் இரண்டு சக்கரம் என்ன செய்யும் என்பதற்கான விடை இமயத்துக்கு வெளியே கிடைத்தது. 2021 டிசம்பர் 16 அன்று நிறுவனத்தைச் சேர்ந்த சந்தோஷ் விஜய் குமாரும் டீன் காக்சனும் ஹிமாலயன் வண்டிகளில் தென் துருவத்தை அடைந்தனர். இரண்டு வண்டிகளிலும் செய்த மாற்றங்கள் சில மட்டுமே. எஞ்சின் பக்கப் பல்சக்கரம் 15 பல்லிலிருந்து 13 பல்லாகக் குறைக்கப்பட்டு இழுவிசை கூட்டப்பட்டது. மிகக் குறைந்த காற்றில் ஓடும்படி டியூப் இல்லாத சக்கரமும் ஆணி பதித்த டயரும் மாட்டப்பட்டன. ஓட்டுபவரின் உடையைச் சூடாக்க வலுவான ஆல்டர்னேட்டர் வைக்கப்பட்டது. காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி அகலமாகப் பதியும்; பனியில் புதையாமல் மிதக்கும். பாலைமணலில் ஒட்டகப் பாதம் செய்வதும் இதுவே.

2020 அக்டோபரில் ரோதங் கணவாய்க்கு அடியில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் திறந்தபின் லாஹௌல் பள்ளத்தாக்கு குளிர்காலத்திலும் மணாலியோடு இணைந்தது. முன்பு மூடிய கணவாயே ஓட்டுபவரைத் தடுத்தது. இப்போது சுரங்கத்தின் மறுவாயில் வரை போய்விட்டு உறைந்த சாலையில் திகைப்பவர்கள் உண்டு. பனி விழும் நாட்களில் நான்கு சக்கரமும் உந்தும் வண்டிகளையும் டயரில் சங்கிலி கட்டியவற்றையும் மட்டுமே காவலர்கள் விடுகிறார்கள். லே நகரில் வாடகை வண்டிக்காரர்கள் குளிர்காலம் தொடங்கும்போது புல்லட்டுகளைத் தார்ப்பாயால் மூடி ஒதுக்கிவிடுவார்கள்; கோடையில் சாலை திறந்த செய்தி வந்த பிறகே அவை மீண்டும் வெளியே வரும்.